லாச்சிக்குக் கணக்கு உண்டு, காலுக்குக் கணக்கு எங்கே?



நம்மில் எவரும் கணக்கில்லாமல் கடை நடத்துவதில்லை. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றவரிடமும் ஒரு கணக்குக் கொப்பி இருக்கும். இரவில் கடை பூட்டுமுன் லாச்சியில் உள்ள காசை எண்ணி, வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, யாரிடம் கடன் நிற்கிறது என்று எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். இது நம் மார்க்கம் கற்றுத்தந்த பழக்கமும்தான். அல்குர்ஆனில் ஆக நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சொல்லும் வசனம் (சூரா அல்பகரா, 282) என்பது நீங்கள் அறிந்ததே. எழுதாத கணக்கு நாளாக நாளாக அவரவருக்குச் சாதகமாகவே ஞாபகம் வரும். கொடுத்தவர் கூட்டிச் சொல்வார், வாங்கியவர் குறைத்துச் சொல்வார். இருவரும் பொய் சொல்கிறார்கள் என்பதில்லை, மனித மனத்தின் இயல்பு அது.

இதே இயல்பு நம் உடம்பு விடயத்திலும் இருக்கிறது. அண்மையில் பசாரில் ஒரு பிடவைக் கடைக்கார மூத்தவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, "நானா, டொக்டர் நடக்கச் சொன்னாரே, நடக்கிறீங்களா?" என்று கேட்டேன். "தம்பி, நான் காலைல இருந்து ராவு வரைக்கும் கடைக்குள்ள நிண்ட நிலைதான். அதுக்கு மேல என்ன நடை?" என்றார். அவர் சொன்னது மனமறிந்த பொய்யல்ல. நாள் முழுவதும் ஓடித் திரிவதாகத்தான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் நிற்பது வேறு, நடப்பது வேறு. சாமான் எடுத்துக் கொடுப்பதற்குப் பொடியன் இருக்கிறான். கடைக்கு வரவும் போகவும் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. வங்கிக்குப் போக ஓட்டோ இருக்கிறது. கால் உண்மையில் எவ்வளவு நடந்தது என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

எண்ணிப் பார்க்க இப்போது வழி இருக்கிறது. கையடக்கத் தொலைபேசியிலும் இணையத்திலும் நடைக் கணக்கு எழுதும் வசதிகள் வந்துவிட்டன. இதை இளைஞர்களின் விளையாட்டு என்று ஒதுக்காமல், ஒரு வியாபாரியின் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கம்.

முதலுக்கு மோசம் வரலாமா?

பெரிய கம்பனி ஒன்றில் முகாமையாளர் நோயில் படுத்தால் வேறொருவர் அந்த நாற்காலியில் உட்காருவார். நம்முடைய கடைகளில் பெரும்பாலானவை ஓராள் வியாபாரம். கொள்முதல் விலை தெரிந்தவர் அவர், கடன் யாருக்குக் கொடுக்கலாம் என்று தெரிந்தவர் அவர், கொழும்பு மொத்த வியாபாரியிடம் வாக்கு உள்ளவரும் அவர்தான். அவர் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தால் கடைக்கதவு திறந்திருந்தாலும் வியாபாரம் பூட்டித்தான் கிடக்கும்.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி கடையும் வீடும் சரக்கும் விட்டு வெளியேற்றப்பட்ட சமூகம் நாம். புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் மறுபடி தொடங்கியவர்களுக்கு இருந்த ஒரே முதல் அவர்களுடைய உடம்பும் நாணயமும்தான். 2002 ஆம் ஆண்டுக்குப் பின்னரும், 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரும் திரும்பி வந்து சோனகத் தெருவிலும் பசாரிலும் கதவு திறந்தவர்கள் அந்த முதலை வைத்தே திறந்தார்கள். அன்று இருபது, முப்பது வயதில் இருந்தவர்கள் இன்று ஐம்பதையும் அறுபதையும் கடந்துவிட்டார்கள். அந்த முதலுக்கு இன்று மோசம் செய்ய வந்திருப்பது சீனி வருத்தம்.

இலங்கை முழுவதும் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. கிராமப்புறத்தில் இது 9 வீதமளவிலும் நகர்ப்புறத்தில் 16 வீதமளவிலும் இருந்தது. நோயுள்ளவர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தார்கள். 2018, 2019 இல் நடந்த இன்னொரு தேசிய ஆய்வு நூற்றுக்கு 23 பேர் என்ற கணக்கைத் தந்தது. கணக்கெடுத்த முறைகள் வேறாக இருந்தாலும் போக்கு எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை. நகரத்தில், உட்கார்ந்து தொழில் செய்து, நாளுக்கு நாலு தடவை சீனி போட்ட பிளேன்டீ குடிப்பவர்கள் யார் என்று கேட்டால் நம் பசாரைத்தான் காட்ட வேண்டும்.

பத்தாயிரம் என்பது யார் சொன்ன கணக்கு?

நடைக் கணக்கு என்றதும் பலரும் சொல்வது "ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி" என்பதாகும். இது வைத்தியர்கள் ஆராய்ந்து கண்ட இலக்கம் என்றே பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது ஒரு வியாபாரப் பெயர். 1964 இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்து முடிந்தபின், அந்நாட்டு மக்களிடம் உடற்பயிற்சி ஆர்வம் கூடியிருந்த வேளையில், யமாசா என்ற ஜப்பானியக் கம்பனி 1965 இல் இடுப்பில் கொழுவும் அடி எண்ணும் கருவியொன்றைச் சந்தைக்கு விட்டது. அதற்கு வைத்த பெயர் 'மன்போ கே'. பத்தாயிரம் அடி அளப்பான் என்பது அதன் பொருள். நல்ல பெயர் வைத்தால் சரக்கு தானே போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கருவி விற்றுத் தீர்ந்தது, இலக்கம் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

பின்னர் வந்த ஆய்வுகள் நமக்கு இன்னும் ஆறுதலான செய்தியைச் சொல்கின்றன. அமெரிக்காவில் சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2019 இல் வெளியானது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடிக்குப் பிறகு நடையைக் கூட்டியும் அந்த இலாபம் பெரிதாகக் கூடவில்லை. 2025 இல் 'லான்செட்' மருத்துவ இதழ்க் குழுமத்தில் வெளியான, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கட்டுரையும், 2,000 அடி நடப்பவரோடு ஒப்பிட்டால் 7,000 அடி நடப்பவருக்கு மரண அபாயம் ஏறக்குறைய பாதியளவு குறைவு என்று கண்டது. ஏற்கெனவே சுகதேகியாக இருப்பவர் கூடுதலாக நடக்கக்கூடும் என்பதால் இவ்வளவையும் நடையின் இலாபம் என்று எழுதிவிட முடியாது. ஆனாலும் 7,000 என்பது ஒரு வியாபாரியால் எட்டக்கூடிய இலக்கம்.

எழுதினால் கூடும்

நடப்பது நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். எழுதி வைப்பதால் என்ன இலாபம் என்பதுதான் கேள்வி.

2007 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அடி எண்ணும் கருவி பற்றிய 26 ஆய்வுகளை, மொத்தம் 2,767 பேரின் விபரங்களை, அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். கருவி கட்டியவர்களின் நடை முன்பிருந்ததைவிட நாலிலொரு பங்குக்குச் சற்று மேலாகக் கூடியிருந்தது. இரத்த அழுத்தமும் ஓரளவு இறங்கியிருந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இன்ன அளவு நடக்க வேண்டும் என்று இலக்கு வைத்தவர்களிடமே இந்த முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. இலக்கில்லாமல் சும்மா கருவியைக் கட்டிக்கொண்டு திரிந்தவர்களிடம் சொல்லத்தக்க மாற்றமில்லை. விற்பனை இலக்கு வைக்காமல் கடை திறந்து வைத்திருப்பவரின் நிலையும் இதுதானே!

நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு நிபுணர் டொக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை வைத்துச் செய்த ஆய்வை 2006 இல் வெளியிட்டார்கள். உணவுக் கட்டுப்பாடும் நாளாந்த நடையும் கடைப்பிடித்தவர்களிடையே நீரிழிவு வருவது 28 வீதமளவு குறைந்தது. அதே குழு 2013 இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. இம்முறை 537 வேலை செய்யும் ஆண்கள். ஒரு பகுதியினருக்கு உணவு, நடை பற்றிய குறுஞ்செய்திகள் கைத்தொலைபேசிக்கு அடிக்கடி அனுப்பப்பட்டன. இரண்டு வருடத்தில், செய்தி பெறாதவர்களில் 27 வீதமானோருக்கு நீரிழிவு வந்தது. செய்தி பெற்றவர்களில் 18 வீதமானோருக்கே வந்தது. சாதாரணத் தொலைபேசியில் வரும் நாலு வரி ஞாபகமூட்டலுக்கே இவ்வளவு பலன். நம்மைப்போன்ற சோறு தின்று, நம்மைப்போன்ற வெயிலில் வாழும் தென்னிந்திய ஆண்களின் கணக்கு இது.

இணையத்தில் நடைக்கணக்கு எழுதும் முறையும் புதியதல்ல. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ரொக்ஹம்ப்டன் என்ற நகரத்தில் 2001 இல் '10,000 அடிகள்' என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். நகர மக்கள் தத்தம் அடிகளை எண்ணிப் பதிவார்கள். பின்னர் அது இணையத்துக்கு வந்து நாடளாவிய திட்டமாகியது. சைக்கிள் ஓடினாலும் பட்மின்டன் விளையாடினாலும் அதையும் அடியாக மாற்றி எழுதலாம். மிதமான வேகத்தில் 10 நிமிடம் செய்தால் 1,000 அடி என்பது கணக்கு.

தொலைபேசி என்ன செய்யும், என்ன செய்யாது?

இதற்கென்று தனியாகக் காசு செலவழிக்கத் தேவையில்லை. அப்பிள் தொலைபேசியில் 'ஹெல்த்' என்ற செயலியும், சம்சுங் தொலைபேசியில் 'சம்சுங் ஹெல்த்' என்ற செயலியும் அடியை எண்ணும். தொலைபேசிக்குள் அசைவை உணரும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. நடக்கும்போது உடம்பு மேலும் கீழும் ஆடும் தாளத்தை வைத்து அது அடியைக் கணிக்கிறது. அடி எண்ணுவதற்கு டேட்டா தேவையில்லை. எந்தப் பாதையால் போனோம் என்று வரைபடம் வேண்டுமானால்தான் ஜீபீஎஸ் வேண்டும், அது பற்றரியையும் குடிக்கும்.

மேசையில் வைத்த தொலைபேசி எதையும் எண்ணாது. கடையில் நம் தொலைபேசி பெரும்பாலும் லாச்சிக்குப் பக்கத்திலேயே கிடக்கும். சேட்டுப் பையிலோ, சாரம் உடுப்பவர்கள் இடுப்புப் பெல்ட்டிலுள்ள பையிலோ வைத்தால்தான் கணக்குச் சரியாகும். குண்டும் குழியுமான வீதியில் மோட்டார் சைக்கிள் குலுங்குவதையும் சில வேளை அடியென்று எண்ணிவிடும். தராசுக்குத் தராசு சிறு வித்தியாசம் இருப்பதுபோல் தொலைபேசிக்குத் தொலைபேசியும் வித்தியாசம் உண்டு. ஆகவே மற்றவரின் இலக்கத்தோடு ஒப்பிடாமல், உங்களுடைய போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிடுங்கள்.

கணக்கு எழுதும் முறை

முதலாவது, ஆரம்ப இருப்பு. முதல் ஏழு நாளும் வழக்கம்போலவே இருங்கள். கூட நடக்க வேண்டாம். இரவில் லாச்சி எண்ணும்போது தொலைபேசியைப் பார்த்து அன்றைய அடியைக் கணக்குக் கொப்பியிலேயே எழுதுங்கள். வாரக் கடைசியில் கூட்டி ஏழால் வகுத்தால் உங்கள் சராசரி வரும். 3,000 என்று வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருப்புத் தெரியாமல் கொள்முதல் செய்ய முடியாது.

இரண்டாவது, இலக்கு. 3,000 அடியில் நிற்பவர் மறுநாளே 10,000 நடந்தால் மூன்றாம் நாள் முழங்கால் நோவில் படுத்துவிடுவார். வாரத்துக்கு 500 அடி வீதம் கூட்டினால் எட்டு வாரத்தில் 7,000 வந்துவிடும். ஒரு கிலோமீற்றர் ஏறக்குறைய 1,400 அடி. கடை ஒரு கிலோமீற்றர் தூரமென்றால், போய் வர 2,800 அடி கையில் வந்துவிட்டது. கொஞ்சம் வேகமாக, அதாவது நிமிடத்துக்கு 100 அடி அளவில், அரை மணித்தியாலம் நடந்தால் 3,000 அடி. வாரத்துக்கு ஐந்து நாள் அப்படி நடந்தால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவும் அதுவே.

மூன்றாவது, வார ஐந்தொகை. ஒரு நாள் குறைந்ததற்காகக் கவலைப்பட வேண்டாம். ஒரு நாள் வியாபாரத்தை வைத்து யாரும் கடையை மதிப்பிடுவதில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் நடக்கும் வியாபாரத்தைச் சாதாரண மாதத்தோடு ஒப்பிடுவோமா? நோன்பு காலத்தில் பகல் நடை குறையும், இரவில் தராவீஹுக்குப் போய் வரும் நடை கூடும். நோன்பை முந்திய நோன்போடு ஒப்பிட வேண்டும். அதற்குப் பழைய கணக்கு கையில் இருக்க வேண்டும்.

நடப்பதற்கு நமக்கு இடமும் நேரமும் இருக்கிறது. சுபஹ் தொழுதுவிட்டு ஜமாஅத்தோடு வெளியே வருபவர்கள் நேரே படுக்கைக்குப் போகாமல் பண்ணைக் கடற்கரைப் பக்கமோ, கோட்டையையும் முற்றவெளியையும் சுற்றியோ, ஆரியகுளத்தைச் சுற்றியோ ஒரு நடை போய் வரலாம். வெயில் தாழ்ந்த அஸருக்குப் பின்னரும் நல்ல நேரம். ஐந்து வேளையும் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் போகாமல் நடந்து போனாலே கணக்கு கூடிவிடும். பள்ளியை நோக்கி வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மையுண்டு என்று ஹதீஸில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கணக்கை எழுதுபவர்கள் வேறு. அதற்குத் தொலைபேசி தேவையில்லை.

வீட்டுப் பெண்களையும் மறக்கக்கூடாது. சீனி வருத்தம் ஆண் பெண் பார்ப்பதில்லை. நமக்குக் கடைக்காவது போக வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு வெளியில் நடக்கும் சந்தர்ப்பம் இன்னும் குறைவு. மாலையில் குடும்பமாக நடந்து வருவதில் குறைவொன்றுமில்லை. இராச்சாப்பாட்டுக்குப் பிறகு வளவுக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்தாலும் 1,000 அடி. சாப்பிட்டபின் நடக்கும் அந்தக் கொஞ்ச நடை இரத்தத்தில் சீனி ஏறுவதைத் தணிக்கவும் உதவும்.

சிறுகச் சேர்த்தால் எவ்வளவு சேரும் என்பதற்கு ஒரு கணக்கு. 2011 ஜூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 'ட்ரெயில்' என்ற பெயரில் ஒரு நடைபவனி நடந்தது. 27 நாளில் 670 கிலோமீற்றர். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டுவதற்காக நிதி திரட்டிய நடை அது. அடிக் கணக்கில் பார்த்தால் ஆளுக்கு ஏறக்குறைய 950,000 அடி. நாளுக்கு 7,000 அடி நடக்கும் ஒரு கடைக்காரர், நாலரை மாதத்தில் கடையை ஒரு நாளும் பூட்டாமலே இலங்கையின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்கு வந்த கணக்கு அது. எழுதி வைத்தவருக்குத்தான் இது தெரியும்.

நம் கணக்குக் கொப்பி யார் கையில்?

இனி எச்சரிக்கை. இலவசமாகத் தரும் செயலிக்கு என்ன இலாபம் என்று கேட்பது வியாபாரியின் கடமை. நடைக்கணக்குக் கருவி விற்ற 'பிட்பிட்' என்ற கம்பனியைக் கூகுள் 210 கோடி டொலர் கொடுத்து வாங்கியது. 2021 ஜனவரியில் அந்தக் கொள்முதல் முடிந்தது. மணிக்கூட்டுக்காக மட்டும் எவரும் இவ்வளவு காசு கொடுக்க மாட்டார்கள். கோடிக்கணக்கான மனிதர்களின் உடல்நலக் கணக்கும் அதோடு சேர்ந்து வருகிறது. அந்த விபரங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று ஐரோப்பிய ஆணைக்குழு பத்து வருட நிபந்தனை விதித்த பின்னரே அனுமதி கொடுத்தது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு சம்பவம். 'ஸ்ட்ராவா' என்ற செயலி தன்னைப் பயன்படுத்துவோர் ஓடிய, நடந்த பாதைகளையெல்லாம் உலக வரைபடமாக 2017 நவம்பரில் வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஓர் அவுஸ்திரேலிய மாணவர் அதை உற்றுப் பார்த்தபோது, வெளிநாடுகளில் உள்ள இராணுவ முகாம்களின் உள்வீதிகள் வெளிச்சமாகத் தெரிந்தன. சிப்பாய்கள் காலையில் ஓடியதை அவர்களுடைய கருவியே உலகத்துக்குச் சொல்லிவிட்டது. உயர் பாதுகாப்பு வலயங்களோடு வாழ்ந்து பழகிய நமக்கு இதன் பாரதூரம் புரியும்.

நம்மிடம் முகாம் இல்லை, ஆனால் வீடும் கடையும் காசும் இருக்கின்றன. தினமும் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறோம், எந்த ஒழுங்கையால் போகிறோம், எந்நேரம் வங்கிப் பக்கம் நடக்கிறோம் என்பதை ஊருக்குக் காட்டத் தேவையில்லை. செயலியின் அமைப்புகளுக்குள் போய் 'எனக்கு மட்டும்' என்று மாற்றி வையுங்கள். பாதை வரைபடம் தேவையில்லாவிட்டால் இட விபர அனுமதியை மறுத்துவிடுங்கள். எண்ணிக்கை மட்டும் போதும். பிள்ளைகளிடம் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் செய்து தருவார்கள்.

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வட்ஸ்அப்பில் குழு அமைத்து வாரச் சராசரியைப் பகிர்ந்தால் உற்சாகம் கூடும். ஆனால் படம் எடுத்துப் போட்டுப் பெருமை பேசும் இடமாக அது ஆகிவிடக் கூடாது. முகஸ்துதி வந்தால் அதில் பரக்கத் இருக்காது. அமானிதமாகக் கிடைத்த உடம்பைப் பேணும் நிய்யத்தோடு நடந்தால் அதுவே நன்மையாகும்.

ஏற்கெனவே சீனி வருத்தம், இருதய வருத்தம் உள்ளவர்கள் தங்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டே நடையைக் கூட்ட வேண்டும். இன்சுலின் போடுபவர்களும் சில வகை மாத்திரை எடுப்பவர்களும் நடக்கும்போது சீனி இறங்கி மயக்கம் வரலாம் என்பதால் சட்டைப் பையில் இரண்டு டொபி வைத்திருப்பது நல்லது. ரப்பர் செருப்பைத் தவிர்த்து, காலை மூடும் சப்பாத்துப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் சிறு கொப்புளம் வந்தாலும் தெரியாது. அப்படித் தெரியாமல் போன கொப்புளம் பின்னர் காலையே எடுக்க வைத்த வீடுகள் நம் ஊரில் இருக்கின்றன.

இன்றிரவு லாச்சி எண்ணி முடிந்ததும் கொப்பியில் வலப்பக்கம் ஒரு கோடு இழுங்கள். மேலே 'அடி' என்று எழுதி, கீழே இன்றைய இலக்கத்தை எழுதுங்கள். எவ்வளவு குறைவாக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஏழு நாள் கழித்துச் சராசரி பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது கணக்குத் தெரிந்த உங்களுக்கு அப்போது தானாகவே விளங்கும், இன்ஷா அல்லாஹ்.